மார்கழிக் குளிரிலிருந்து கார் பொலிஷைக் காப்பாற்றிய விதம்

யாழ்ப்பாணத்தில் குளிர்காலத்தோடு நேருக்கு நேர் நின்று போராடியவர்களைக் கணக்கெடுத்தால் ஒரேயொருவன்தான் தேறுவான். அடக்கம் கருதி அவன் யாரென்று சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை, நான்தான். இங்கே வெயிலோடு போராடியவர்கள் உண்டு. உவர்த்தண்ணியோடு போராடியவர்கள் உண்டு. வேலி எல்லைக்காகப் பங்காளியோடு கோடு கச்சேரி ஏறிப் பரம்பரை பரம்பரையாகப் போராடுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. உறைபனியோடு போராடியவன் நான் மட்டுந்தான். அந்த உறைபனி கடைசிவரை வரவேயில்லை என்பது வேறு விஷயம். வராத எதிரியோடு போராட எவ்வளவு தைரியம் வேண்டும் என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை.

எழுபதுகளின் முன்பாதி அது. வெளிநாட்டுச் சாமான்களுக்கு நாட்டின் படலையை இழுத்துச் சாத்தியிருந்தார்கள். மிளகாயும் வெங்காயமும் பயிர் செய்தவர்கள் கல்வீடு கட்டி, உழவு மிசினுக்குப் பூமாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நானோ கந்தோர்க்காரன். காலையில் கொடிகாமத்தில் ரயிலேறி யாழ்ப்பாணம் போய், கடுதாசிகளை ஒரு மேசையிலிருந்து எடுத்து இன்னொரு மேசையில் வைத்துவிட்டு, பின்னேரம் களைத்துப்போய் வீடு வருகிறவன். ஆனால் என்னிடம் ஒரு கார் இருந்தது. ஐயா விட்டுப்போன பழைய இங்கிலாந்துக் கார். நல்லநாள் பெருநாளுக்கும் பிரசவத்துக்கும் மட்டும் கொட்டிலை விட்டு வெளியே வரும். மிச்ச நாளெல்லாம் அதன் கூரையில் கோழி படுக்கும்.

அந்த வருடம் என் தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முற்றாகியது. தையில் நாள். மாப்பிள்ளை சுன்னாகப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார், வாய் திறந்து கதைக்காத அமைதியான மனிதர். அவர் கதைக்கவேண்டிய தேவையும் இல்லை; அவருக்கும் சேர்த்துக் கதைக்க ஒரு மாமன் இருந்தார். கொழும்பில் பெரிய உத்தியோகம். கார் வைத்திருந்தார். வைத்திருந்தார் என்று சொல்வதே பிழை. வளர்த்தார் என்று சொல்லவேண்டும். படலை திறந்திருந்த கடைசி வருடத்தில் வந்திறங்கிய கார். பால் வெள்ளை.

எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணத்தன்று பெண்ணின் சகோதரன் தோழனாகப் போய் மாப்பிள்ளையை அழைத்து வரவேண்டும். பெண்வீட்டுக் காரிலேயே அழைத்து வந்தால் அது ஒரு மதிப்பு. கலியாணப் பேச்சுக்காலுக்கு வந்திருந்த கொழும்பு மாமா எங்கள் கொட்டிலடிக்குப் போய் என் காரை ஒருதரம் சுற்றி வந்தார். முன் மூடியில் விரலால் ஒரு கோடு இழுத்து, அந்த விரலைப் பார்த்தார்.

"தம்பி, உது என்ன நிறம்?"

"கறுப்பு."

"எப்ப?"

சபையில் பாதிப்பேர் சிரித்தார்கள். என் பக்கத்துச் சனமும் சிரித்தது. அதுதான் பொறுக்கவில்லை.

"மாப்பிள்ளையை என்ரை காரிலையே அனுப்பிவிடுறன். நாலு பேர் பார்க்கிற விஷயமெல்லே?" என்றார்.

"எங்கடை வீட்டு மாப்பிள்ளை எங்கடை காரிலைதான் வருவார், மாமா," என்று நான் சொன்னேன். சொன்னது நான்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். என்னைப்போலப் பகிடி விடுகிறவன் ரோசப்பட்டால் அதைப்போல ஆபத்து வேறில்லை.

"சரி," என்றார் அவர். "பொன்னுருக்கு அண்டைக்கு உந்தக் காரிலை வாரும். பாத்திட்டுச் சொல்லுறன்."

பொன்னுருக்கு என்பது மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்குகிற நாள். கலியாணத்துக்குச் சில நாள் முந்தி, பெண்வீட்டார் தட்டங்களோடு போகவேண்டும். ஆக, அன்றைக்கு என் கார் கறுப்பாக இருந்தால் மாப்பிள்ளை என் காரில். இல்லாவிட்டால் பால் வெள்ளையில். சொந்தத் தங்கச்சியின் கலியாணத்தில் வேறொருவனின் காரில் தலைப்பாகையோடு விருந்தாளி போலக் குந்தியிருக்கிற காட்சி அன்று தொடக்கம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

காரை மினுக்க அந்தக் காலத்தில் கடைகளில் ஒன்றும் இல்லை. சீலைத்துணியும் மண்ணெண்ணெயும் இருந்தன. மண்ணெண்ணெய் பூசினால் கார் ஒரு மணித்தியாலம் மினுங்கும். அதற்குப் பிறகு ஊர்ப் புழுதியெல்லாம் அழைப்பில்லாமல் வந்து ஒட்டும். இந்த நேரத்தில்தான் கடவுள் ஒரு கப்பல்காரனை அனுப்பினார்.

வடகரைப் பட்டினத்துக்காரன், என்னோடு ஒன்றாய்ப் படித்தவன், வெளிநாட்டுக் கப்பலில் இயந்திர அறையில் வேலை. லீவில் வந்தவன் ஒரு கடுதாசிப் பெட்டியைக் கொண்டுவந்து என் விறாந்தையில் வைத்தான். உள்ளே பால்போன்ற பொலிஷ் உள்ள பிளாஸ்ரிக் போத்தல்கள், மெழுகுத் தகரம் ஒன்று, கண்ணாடி துடைக்கிற தண்ணீர். ஏதோ ஒரு குளிர்நாட்டுத் துறைமுகத்தில் வாங்கினதாம்.

"மச்சான், உதைப் பூசினியெண்டால் காரிலை முகம் பாத்துச் சவரம் செய்யலாம்," என்றான்.

"அப்ப இப்பவே பூசுவம், வா."

"விசரே உனக்கு? மார்கழி முழுக்க மழையும் சேறும். பொன்னுருக்குக்கு முதல்நாள் பூசு. அதுவரைக்கும் கவனமா வை. ஒருக்கால் நான் கப்பல் தட்டிலை உதிலை ரெண்டை மறந்துபோய் விட்டிட்டன். விடியப் பாத்தால் உறைஞ்சு, போத்தல் வெடிச்சு, உள்ளுக்கை இருந்தது திரைஞ்ச பால் மாதிரிப் போச்சு. பேந்து ஒண்டுக்கும் உதவாது, மச்சான். இஞ்சை உனக்கென்ன, குளிரே வரப்போகுது?"

சொல்லிச் சிரித்துவிட்டு அவன் கப்பலுக்குப் போய்விட்டான். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது பகிடியாக ஏதும் சொன்னால், பகிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பயத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பெரிய ஆங்கில எழுத்தில், சிவப்பில், அடிக்கோடும் போட்டு எழுதியிருந்தது: உறைய விடாதே, உறைந்தால் பயன்படாது. கந்தோர்க்காரனுக்குச் சிவப்பு மையில் ஒரு வரி போதும். அதற்குக் கீழே இருந்த சின்ன எழுத்துகளை நான் வாசிக்கவில்லை. மேலதிகாரி கையெழுத்துப் போட்ட இடத்துக்குக் கீழே வாசிக்கிற வழக்கம் எங்கள் கந்தோரில் இல்லை.

பெட்டியை அறைக்குள் அலுமாரிக்கு மேலே வைத்தேன். கார்த்திகை போனது. மார்கழி பிறந்தது. ஊரில் திருவெம்பாவைக்குச் சங்கூதிக்கொண்டு போகிறவர்கள் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, தாங்கள் இமயமலைக்குப் போவதுபோல நடந்தார்கள். நானும் கழுத்தில் மப்ளர் கட்டினேன். எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது, அந்த ஒரு காலைவரை.

குளித்துவிட்டு வந்து தலைக்குப் பூசத் தேங்காயெண்ணெய்ப் போத்தலைச் சரித்தேன். எண்ணெய் வரவில்லை. தட்டினேன். வரவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளையாய், கட்டியாய், உறைந்துபோய் நின்றது.

இது ஒவ்வொரு மார்கழியிலும் நடக்கிறதுதான். பிறந்த நாள் தொட்டு ஒவ்வொரு மார்கழியிலும் நான் ஈர்க்குக்குச்சியால் தேங்காயெண்ணெய் தோண்டித்தான் தலைக்குப் பூசியிருக்கிறேன். ஆனால் அதற்கு முதல் எந்த மார்கழியிலும் என் வீட்டில் உறைந்தால் பயன்படாத சாமான் இருந்ததில்லை. என் மூளை அந்த நிமிஷத்தில் ஒரு பெரிய விஞ்ஞானியின் மூளையைப்போல வேலை செய்தது. உறைநிலை வந்துவிட்டது. எண்ணெய் சாட்சி.

"இஞ்சாரும்! உறையத் துவங்கியிட்டுது!" என்று கத்திக்கொண்டு அறைக்குள் ஓடினேன்.

என் மனிசி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆர் உறையுறது?"

"எண்ணெய் உறைஞ்சு போச்சு. அடுத்தது பொலிஷ்தான்."

"எண்ணெய் வருசாவருசம் உறையுது. அதுக்காகக் கிணத்துத் தண்ணியும் உறைஞ்சதே? வாளி ஐசிலையே போய் இடிச்சது?"

நியாயமான கேள்வி. ஆனபடியால் போகிற போக்கில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு மட்டும் வந்தேன். தண்ணீர் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆழமாக இருப்பதால் இன்னும் குளிர் போய்ச் சேரவில்லை என்று முடிவு செய்தேன்.

முதல் வேலையாகப் பொலிஷின் உடல்நிலையை அறியவேண்டியிருந்தது. வீட்டில் காய்ச்சல் பார்க்கிற தேமாமீற்றர் ஒன்று இருந்தது. அதைக் கழுவித் துடைத்து, ஒரு போத்தலின் மூடியைத் திறந்து உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டு நின்றேன். எடுத்துப் பார்த்தால் பாதரசம் அடியை விட்டு அசையவேயில்லை.

"என்ன, காய்ச்சல் இருக்கோ?" என்றாள் மனிசி.

"ஒண்டும் காட்டேல்லை. அவ்வளவுக்குக் குளிர்ந்துபோய்க் கிடக்குது."

"காய்ச்சல் இல்லையெண்டால் நல்ல சேதிதானே. ரசம் ஏதும் வைச்சுக் குடுக்கட்டோ?"

காய்ச்சல் மானி மனிதனுடைய சூட்டுக்குக் கீழே ஒன்றும் காட்டாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்த விஷயம் பதற்றம் வருகிற நேரத்தில் பக்கத்தில் நிற்பதில்லை. அது எங்காவது போய்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விரிவாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. முதலில் போத்தல்களைக் கம்பளியால் சுற்றிக் கட்டிலில் என் பக்கத்தில் கிடத்தினேன். மனிசி தலையணையையும் பாயையும் எடுத்துக்கொண்டு தங்கச்சியின் அறைக்குப் போனாள். பிறகு அடுப்படியில் வைத்தேன். குசினிக்குள் பொலிஷ் மணக்கிறது, சம்பலும் பொலிஷ் மணக்கிறது என்று வழக்கு வந்தது; எழுப்பிவிட்டார்கள். பிறகு அடைகாத்துக்கொண்டிருந்த கோழியின் வயிற்றுக்குக் கீழே ஒரு போத்தலை மெல்லத் தள்ளிவிட்டேன். இயற்கையான சூடு, ஒரே அளவான சூடு. கோழி எழும்பி நின்று போத்தலைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு கூட்டை விட்டு இறங்கிப் போனது போனதுதான். முட்டையும் வேண்டாம், இந்த வீடும் வேண்டாம் என்று வேலியால் பாய்ந்து அடுத்த வளவில் போய்க் குடியேறிவிட்டது.

தங்கச்சி கிணற்றடியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணை, கலியாணம் எனக்கோ காருக்கோ?" என்றாள்.

"உனக்குத்தான். அதுக்குத்தானே இவ்வளவும்."

"அப்ப எனக்கு ஒரு கலியாணச் சீலை எடுக்கவேணும் எண்டதாவது ஞாபகம் இருக்கோ?"

ஞாபகம் இருந்தது. ஆனால் கலியாணச் சீலை உறையாது.

கொடிகாமம் சந்தையில் எங்களுக்கு ஒரு வாழைக்குலை வியாபாரி பழக்கம். பருத்த மனிதர், சொந்த லொறி, சொந்தக் குழி. குழி என்றால் பழம் பழுக்கப் போடுகிற புகைக்குழி. ஆள் இறங்குகிற ஆழத்துக்கு மண்ணை வெட்டி, அடியில் வாழைச்சருகு பரப்பி, குலைகளை அடுக்கி, மேலே பலகையும் சாக்கும் மண்ணும் போட்டு மூடுவார்கள். பக்கத்தில் ஒரு வாய் வைத்து, அதில் தேங்காய்ப் பொச்சுமட்டை நெருப்புச் சட்டியை வைத்து ஊதினால், புகை உள்ளே போய்ச் சுற்றிச் சுற்றி நின்று பச்சைக் குலையைப் பழமாக்கும். எங்கள் பொங்கலுக்கும் பொன்னுருக்குத் தட்டங்களுக்கும் கதலிப்பழம் அவரிடந்தான் சொல்லியிருந்தோம். அதைப் பற்றி விசாரிக்கப் போன இடத்தில், குழிக்குப் பக்கத்தில் நின்றபோது, என் காலில் இதமான ஒரு சூடு ஏறியது. எனக்கு ஞானம் பிறந்தது.

"அண்ணை, உந்தக் குழிக்குள்ளை குளிர் போகாதோ?"

"குளிரோ? தம்பி, என்ரை குழிக்குள்ளை மார்கழியும் இல்லை, தையும் இல்லை. வருசம் முழுக்கச் சித்திரைதான். கைக்குழந்தையைக் கிடத்தினால் தாயே வேண்டாமெண்டு சொல்லும்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் வினையாகப் போய்விட்டது. இருவரில் ஒருவர் சிரித்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் மிகவும் பொறுப்போடு நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, "போத்தலைக் கொண்டாரும். பெட்டியைக் கொண்டராதையும். கடுதாசிப் பெட்டி, நெருப்புக்கிட்டை கூடாது," என்றார். எவ்வளவு முன்யோசனை! நானும் மெச்சினேன். பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, போத்தல்களையும் மெழுகுத் தகரத்தையும் சாக்கில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். எங்கள் கதலிக் குலைகளுக்கு நடுவில் அவற்றைத் தொட்டிலில் பிள்ளையை வளர்த்துவதுபோல வளர்த்தி, மூடி, நெருப்புச் சட்டி வைத்தார். மார்கழி தொடங்கிய பிறகு அன்றைக்குத்தான் நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

விடிந்தது. மனிசி விறாந்தையைக் கூட்டிக்கொண்டு, "உந்தப் பெட்டியை எறியிறதோ, வைக்கிறதோ?" என்று வெறும் பெட்டியை நீட்டினாள். வாங்கினேன். கந்தோருக்குப் போக இன்னும் நேரம் இருந்தது, செய்ய ஒன்றுமில்லை, சின்ன எழுத்துகளை வாசித்தேன்.

சிவப்பு வரிக்கு நேரே கீழே எழுதியிருந்தது: இலகுவில் தீப்பற்றும். நெருப்புக்கும் சூட்டுக்கும் கிட்ட வைக்காதே.

இதுவரை நான் பட்டதெல்லாம் பதற்றமே இல்லை. அது ஒத்திகை. மப்ளர் ஒரு பக்கம், சால்வை ஒரு பக்கம், சைக்கிளில் ஏறி நான் மிதித்த மிதியில் யாழ்தேவி ரயிலைக்கூட முந்தியிருப்பேன். வழியெல்லாம் கொடிகாமச் சந்தையின் பக்கம் புகை எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். எழும்பிக்கொண்டிருந்தது. புகைக்குழி என்றால் புகை எழும்பத்தானே செய்யும் என்பது சைக்கிள் மிதிக்கிறவனுக்கு எங்கே தெரியப்போகிறது?

"அண்ணை! திறவுங்கோ! குழியைத் திறவுங்கோ!"

அவர் நெருப்புச் சட்டியை ஊதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "இப்பவோ? இப்பத் திறந்தால் பழம் வெம்பிப்போம், தம்பி."

"பழம் வெம்பினால் காரியமில்லை. நாங்கள் வெடிக்கப்போறம்!"

"ஏன், குளிர் போயிட்டுதோ உள்ளுக்கை? நீர் குளிர் குளிர் எண்டு சொன்னபடியால் நான் இன்னொரு சட்டி நெருப்பும் கூட வைச்சனான். ஊதினது போதாதோ எண்டு இப்பவும் ஊதுறன்."

நானே சட்டியை உதைத்துத் தள்ளி, மண்ணை வாரி நெருப்பில் போட்டு, கையால் குழியைப் பறித்தேன். வெடிக்கவில்லை. தீப்பிடிக்கவும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் கடவுள் என் புத்தியைப் பார்த்து இரங்கிவிட்டார். ஆனால் சாக்கைத் தூக்கியதும் வந்த மணத்தில் இரண்டுபேரும் பின்னுக்குப் போனோம். போத்தல்கள் முறுகி வீங்கி, மூடிகளைத் துப்பியிருந்தன. உள்ளே மிஞ்சியிருந்தது திரைந்த பால் போலக் கட்டி ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். குளிர் என்ன செய்துவிடும் என்று பயந்தேனோ, அதை நெருப்பு வைத்து நானே செய்து முடித்திருந்தேன். மெழுகுத் தகரம் வெறுந்தகரம். மெழுகெல்லாம் உருகிச் சருகிலும் குலையிலும் இறங்கியிருந்தது.

கதலிப்பழங்கள் மட்டும் மினுங்கின. அப்படி ஒரு மினுக்கத்தை நான் எந்தக் காரிலும் கண்டதில்லை. ஒவ்வொரு பழத்திலும் என் முகம் தெரிந்தது. முகம் நல்லாக இல்லை.

வியாபாரி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, சந்தையிலை வைச்சால் ஆக்கள் வடிவைப் பாத்து வாங்குவினம். மணந்து பாத்தால் வந்து உதைப்பினம். உம்மடை பழத்தை நீரே கொண்டுபோம்."

குலைகளைத் தன் லொறியிலேயே ஏற்றி வந்து எங்கள் வளவில் இறக்கிவிட்டார். கப்பல்காரன் கடலில். பொலிஷ் குப்பையில். பொன்னுருக்கு நெருங்கிவிட்டது. நான் விறாந்தைக் கதிரையில் இருந்து, பால் வெள்ளைக் காரில் தலைப்பாகையோடு குந்தியிருக்கிற என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிசி ஒரு பழத்தைப் பிடுங்கிக்கொண்டு கொட்டிலடிக்குப் போய், கார் மூடியில் அதன் தோலால் நாலு தேய் தேய்த்தாள்.

"இஞ்சாருங்கோ, வந்து பாருங்கோ. பொலிஷ் எங்கையும் போகேல்லை, பழத்திலைதான் இருக்குது. பழத்தைக் காரிலை தேய்ச்சால் பொலிஷ் காருக்கு வந்திடும்தானே."

அவள் என்னை நையாண்டி பண்ணித்தான் சொன்னாள். ஆனால் தேய்த்த இடத்தில் ஒரு கறுப்பு தெரிந்தது! உண்மையான கறுப்பு! பிறகென்ன, நானும் தங்கச்சியும் சேர்ந்துகொண்டோம். கலியாணப் பெண் கதலிப்பழத்தால் கார் தேய்த்த ஒரே வீடு எங்களதுதான். "கலியாணச் சீலை எடுக்கப் போகவேண்டிய நேரம் வாழைப்பழத் தோலோடை நிக்கிறன்," என்று சொல்லிச் சொல்லியே அவள் பின்கதவு முழுவதையும் முடித்தாள். கார் சில இடத்தில் கறுத்தது, சில இடத்தில் பிசுபிசுத்தது, எல்லா இடத்திலும் மணந்தது. பொலிஷ், புகை, கதலி மூன்றும் கலந்த ஒரு மணம். ஊர் ஈ இலையான்கள் எல்லாம் அழைப்பிதழ் கிடைத்ததுபோல வந்து சேர்ந்தன.

பொன்னுருக்கன்று தட்டங்களோடு அதில் போய் இறங்கினோம். தட்டங்களில் வேறு பழம். கொழும்பு மாமா வாசலிலேயே நின்றார். விரலை நீட்டி மூடியில் கோடு இழுத்தார். விரல் பாதியில் ஒட்டிக்கொண்டு நின்றது. இழுத்தெடுத்து மணந்து பார்த்தார்.

"தம்பி, உது காரோ, பஞ்சாமிர்தமோ?"

அவர்கள் வீட்டு ஆடு அந்த நேரம் பார்த்து வந்து முன்சில்லுக்கு மேலே நக்கத் தொடங்கியது. ஆட்டை விரட்டினார்கள், அது திரும்பி வந்து மற்றப் பக்கத்தை நக்கியது. விறாந்தையில் நின்ற மாப்பிள்ளை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. தீர்ப்புக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. மாப்பிள்ளை பால் வெள்ளையில்தான் வருவார் என்று சபையறிய முடிவாகியது.

கலியாணத்துக்கு முதல்நாள் பருவம் தப்பிய மழை ஒன்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை நான் தலைப்பாகையோடு கொழும்பு மாமாவின் காரில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தேன். நினைத்து நினைத்துப் பயந்த காட்சி அப்படியே நடந்தது. பயந்ததைவிட மோசம்: இருக்கைக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டிருந்தார். பட்டு வேட்டியோடு நாங்கள் இருவரும் ஒவ்வொரு வளைவிலும் வழுக்கினோம். "தலைப்பாகை கூரையிலை முட்டாமல் இருங்கோ," "கண்ணாடியிலை கை வைக்காதையுங்கோ," என்று மாமா வழியெல்லாம் முன்னுக்கிருந்து ஓதிக்கொண்டு வந்தார். பின்னால் என் காரில் பெரியம்மாமார் இருவர். ஓட்டினவர் வாழைக்குலை வியாபாரி.

வீட்டுக்குப் போகிற எங்கள் ஒழுங்கை வாசலில் பால் வெள்ளை நின்றது. ஒழுங்கை முழுவதும் வெள்ளம். அந்தப் பக்கம் பந்தல் தெரிந்தது, மேளம் கேட்டது. பெண் மணவறைக்கு வரவேண்டிய நேரம்.

மாமா இறங்கித் தண்ணீரைப் பார்த்தார். காரைப் பார்த்தார். "இதுக்குள்ளை இறக்கேலாது. சேறு அடியெல்லாம் பிடிச்சிடும். கொஞ்சம் வத்தட்டும்."

"எப்ப மாமா வத்தும்?" அதுதான் மாப்பிள்ளையின் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு வசனம்.

"பொறடாப்பா. முகூர்த்தம் இன்னொண்டு வரும். இந்தக் காலத்திலை இன்னொரு கார் வருமே?"

எனக்கு அந்த நிமிஷம் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. இந்த உலகத்தில் நான் தனியாள் இல்லை! என் கார் பின்னால் வந்து நின்றதைப் பார்த்தேன். "எங்கடை காரிலை ஏறுங்கோ" என்று சொல்லவேண்டிய இடம். சொல்ல வாய் வரவில்லை. சேற்றுத் தண்ணீர், தங்கச்சி தேய்த்த பின்கதவு, அந்தக் கறுப்பு... மேளம் இன்னும் வேகமாக அடித்தது.

மாப்பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானே இறங்கிப் போய் என் காரின் கதவைத் திறந்து, பெரியம்மாமாரை நெருக்கிக்கொண்டு ஏறி இருந்தார். எனக்கும் ஏறவேண்டி வந்தது.

"பிடியுங்கோ!" என்று வியாபாரி தண்ணீருக்குள் விட்டார். பாதி ஒழுங்கைவரை அருமையாகப் போனது. பாதியில் கார் ஒருதரம் இருமியது, இன்னொருதரம் இருமியது, நின்றுவிட்டது.

பெரியம்மாமார் பட்டுச்சீலையோடு இறங்கமாட்டோம் என்றார்கள். வியாபாரி சுக்கானைப் பிடிக்கவேண்டும். மிஞ்சியது நானும் மாப்பிள்ளையும். அவர் கதவைத் திறந்து முழங்கால் தண்ணீரில் இறங்கி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். அந்தக் கரையில் நின்று மாமா, "உடுப்படா! உடுப்பு!" என்று கத்தினார். உடுப்பைச் சொன்னாரா காரைச் சொன்னாரா தெரியாது. பால் வெள்ளையைவிட்டு ஒரு அடியும் நகரவில்லை. இரண்டு தலைப்பாகைகளும் தோளோடு தோள் சேர்ந்து தள்ளின.

அப்படித்தான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். எங்கள் காரோடுதான் வந்தார், ஒருத்தரும் மறுக்கமுடியாது. காருக்குப் பின்னாலே வந்தார், அவ்வளவுதான். பந்தலில் நின்ற சனம் மேளத்தையும் மறந்து பார்த்தது. யன்னலால் எட்டிப் பார்த்த தங்கச்சியை உள்ளே இழுக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததாம். அவள் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது.

வாசலில் தோழன் மாப்பிள்ளையின் காலைக் கழுவவேண்டும். மற்றக் கலியாணங்களில் செம்பிலிருந்து நாலு துளி தெளித்தால் சடங்கு முடிந்தது. நான் குந்தியிருந்து, வாளி வாளியாக ஊற்றி, விரலிடுக்கெல்லாம் சேறு எடுத்தேன். குனிந்து அவர், கால் கழுவுகிற தோழனுக்குக் கொடுக்கிற மோதிரத்தை என் விரலில் போடப் பார்த்தார். போடுவதற்குள் மோதிரம் அவர் கையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது. தேடியெடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் நழுவியது.

"மச்சான்," என்றார் அவர், மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல். "காருக்கு என்ன பூசினனீங்கள்? தண்ணி பட்டதும் வழுக்கி, தள்ளேக்கை பிடிக்கவே ஏலாமல் கிடந்தது."

அவருடைய கையையும் சேர்த்துக் கழுவினேன்.